கண்ணுக்குத் தெரிந்த ஆங்கிலம் வாயில் வர எது தோது: பட்டியலா, காதா, கிளாஸா?

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள் கொஞ்ச நேரம் நின்றால் போதும். எக்ஸ்போர்ட், பர்ச்சேஸ், ஸ்டைல், ஷிஃப்ட், டார்கெட், பல்க், இன்ஸ்பெக்‌ஷன், ரிஜெக்‌ஷன், லேபர், கான்ட்ராக்ட் என்று பத்துச் சொல் காதில் விழுந்துவிடும். செக்கிங் மேசையில் நிற்கும் அக்காவிலிருந்து டெம்போ ஓட்டும் அண்ணன் வரை எல்லோரும் புழங்குகிற சொற்கள். இந்தப் பத்தும் ‘அகாடமிக் வேர்ட் லிஸ்ட்’ என்ற பட்டியலில் இருக்கின்றன. ஏவ்ரில் காக்ஸ்ஹெட் என்பவர் நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் தொகுத்து, 2000-ல் வெளியிட்ட பட்டியல் அது. கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்று நான்கு துறைப் பாடநூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் சேர்த்து, 35 லட்சம் சொற்களை அலசி எடுத்தது.

ஆனால் அதே கம்பெனியில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் போனில் வந்துவிட்டால் பாதிப் பேர் “மெயில் அனுப்பிடறோம் சார்” என்று நழுவிவிடுகிறார்கள். மெயிலில் வெளுத்து வாங்குவார்கள். வாயைத் திறக்கத்தான் தயக்கம்.

தமிழ் வழியில் படித்துவிட்டுப் பெருந்துறைப் பக்கம் பொறியியல் முதல் வருடம் சேர்ந்திருக்கும் எங்கள் சித்தப்பா மகன் அண்மையில் கேட்டான். “ஏனுங்ண்ணா, காந்திபுரத்துல ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் சேந்துரட்டுங்களா, இல்ல சீனியருங்க அகாடமிக் வேர்ட் லிஸ்ட்டுன்னு ஒரு பிடிஎஃப் அனுப்புனாங்க, அதையே உருப்போட்டுப் போட்டா போதுங்களா?” அவனுக்கு வாட்ஸ்அப்பில் சொல்ல ஆரம்பித்தது நீண்டுவிட்டது. இதே கேள்வியோடு இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பிடிஎஃப்.

காக்ஸ்ஹெட் பட்டியலில் 570 சொற்குடும்பங்கள். அனலைஸ், அனாலிசிஸ், அனலிட்டிகல் எல்லாம் ஒரே குடும்பம். பத்து அடுக்காகப் பிரித்திருக்கிறார். முதல் ஒன்பதில் 60 வீதம், கடைசியில் 30. அடிக்கடி வருபவை முதல் அடுக்கில். பாடநூல்களில் ஏறத்தாழ 10 சதவீதம் இந்தச் சொற்களே. கதைகளில் தேடினால் 1.4 சதவீதம்தான். அந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விஷயம் புரியும்: செமஸ்டர் புத்தகத்துக்கு இது பெரிய துணை, டீக்கடைப் பேச்சுக்கு அவ்வளவு இல்லை.

இன்னொன்றையும் பிடிஎஃப் அனுப்புகிற சீனியர்கள் சொல்வதில்லை. இந்தப் பட்டியல் வேறொரு பட்டியலுக்கு மேல் கட்டிய மாடி. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1953-ல் வெளியிட்ட, சுமார் 2000 பொதுச் சொற்கள் கொண்ட பட்டியல்தான் கீழ்த்தளம். அதில் உள்ளவற்றைத் தள்ளிவிட்டுத்தான் காக்ஸ்ஹெட் தன் 570-ஐ எடுத்தார். (வெஸ்ட் டாக்காவில் வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பதில் பல ஆண்டு உழைத்தவர். நம் மாதிரிப் பிள்ளைகளின் திண்டாட்டத்தை நேரில் பார்த்தவர்.) கெட், புட், டேக், கிவ், லுக் போன்ற எளிய வினைகள் எல்லாம் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. நாம் தடுக்கி விழுவதும் அங்கேதான். ‘போஸ்ட்போன்’ நமக்குத் தெரியும், ‘இன்வெஸ்டிகேட்’ தெரியும். பையர் போனில் ‘புட் ஆஃப்’ என்கிறார், ‘லுக் இன்ட்டு’ என்கிறார். இரண்டும் அதே பொருள்தான், ஆனால் அந்த நேரத்துக்குத் திகைத்து நின்றுவிடுகிறோம். ஷிப்மென்ட் ஒத்திப்போனதே தெரியாமல் ‘யெஸ் சார், யெஸ் சார்’ என்று போனை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேச்சுக்கு எத்தனை சொல் வேண்டும்? பால் நேஷன் என்ற ஆய்வாளர் 2006-ல் போட்ட கணக்குப்படி, பேச்சு ஆங்கிலத்தில் 98 சதவீதத்தைப் புரிந்துகொள்ள 6000 முதல் 7000 சொற்குடும்பங்கள் வேண்டும். மலைக்க வேண்டாம். அது கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவு. பேசுவதற்கு இதில் சிறு பங்கே போதும். வகுப்பறைப் பேச்சுக்கென்றே 2017-ல் இன்னொரு பட்டியல் வந்தது. தாங், காக்ஸ்ஹெட், வெப் மூவரும் சேர்ந்து தொகுத்தது, 1741 சொற்குடும்பங்கள். அதைத் திறந்து பார்த்தால் பெரும்பகுதி சாதாரணச் சொற்களாகவே இருக்கும். பேராசிரியர்களும் வாயைத் திறந்தால் எளிய ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். தம்பி ஒரு பட்டியலைத்தான் கையில் வைத்துக்கொள்வான் என்றால் 570-ஐ விட இந்த 1741-ஐத்தான் கொடுப்பேன்.

பட்டியலை மனப்பாடம் செய்கிறவர்களுக்கு வரும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். படித்ததைப் பேச்சில் கொட்டத் தோன்றும். தண்ணீர் கேட்க ‘ஐ ரிக்வயர் வாட்டர்’, சட்டை வாங்கியதைச் சொல்ல ‘ஐ பர்ச்சேஸ்டு எ ஷர்ட்’. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் தாசில்தார் ஆபீஸ் கடிதம் நடந்து வந்து பேசுகிற மாதிரி இருக்கும். வான்ட், பை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

ஆக, என் கருத்து இது: இங்கே கல்லூரி வரை வந்தவர்களுக்குச் சொல் பஞ்சம் அவ்வளவு இல்லை. கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியவில்லை, காதுக்குத் தெரியாததால் வாய்க்கு வரவில்லை. அதனால் வழிகளை ஒப்பிடும்போது ‘எது அதிகச் சொல் தருகிறது’ என்று நான் பார்ப்பதில்லை. எது தெரிந்த சொல்லை வாய்க்குக் கொண்டுவருகிறது என்றுதான் பார்க்கிறேன்.

<b>உச்சரிப்பில் எதைப் பிடிப்பது, எதை விடுவது</b>

தமிழில் ஓர் அசையை அழுத்திச் சொல்வதாலோ விடுவதாலோ சொல்லின் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் மாறும். எக்ஸ்போர்ட் என்பது பெயராக வந்தால் அழுத்தம் ‘எக்ஸ்’ மேல். வினையாக வந்தால் ‘போர்ட்’ மேல். ரிஜெக்ட்டும் அப்படியே. செக்கிங்கில் ஒதுக்கிய பீஸைச் சொல்லும்போது முன்னால் அழுத்தம், ‘லாட்டை ரிஜெக்ட் பண்ணினார்கள்’ என்னும்போது பின்னால். எஸ்டிமேட்டில் வேறு மாதிரி: பெயராக வரும்போது கடைசி ‘மேட்’ சுருங்கி ‘மட்’ போல ஆகிவிடும், வினையாக வந்தால் முழுசாக ‘மேட்’. பர்ச்சேஸ் உண்மையில் ‘பர்ச்சஸ்’. டிடர்மைன் என்று நாம் சொல்வது ‘டிடர்மின்’. அவைலபிளில் அழுத்தம் ‘வே’ மேல் விழும், முதல் ‘அ’ கிட்டத்தட்டக் காணாமல் போகும். நாமோ எல்லா அசைக்கும் சம மரியாதை கொடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பேசுகிறோம். கேட்கிறவருக்குச் சொல்லின் முகம் தெரிவதில்லை.

ஒவ்வொரு சொல்லாக இதை உருப்போடத் தேவையில்லை. ‘இக்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம்: ஸ்பெசிஃபிக்கில் ‘சி’, எகனாமிக்கில் ‘நா’. ‘ஷன்’ என்று முடிந்தாலும் அப்படியே: டிஸ்ட்ரிபியூஷனில் ‘பியூ’. ‘இட்டி’ என்று முடிந்தாலும் அதுவே: செக்யூரிட்டியில் ‘க்யூ’, எலக்ட்ரிசிட்டியில் ‘ட்ரி’. பாலிடிக்ஸ், அரித்மெட்டிக் மாதிரி சில அடங்காப்பிடாரிகள் உண்டு. போகட்டும். இந்த மூன்று வால்களைப் பிடித்தாலே கல்லூரிப் புத்தகத்தில் நூற்றுக்கணக்கான சொல் சரியாகிவிடும். காசு வாங்குகிற எத்தனை கிளாஸில் இதைச் சொல்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

அடுத்தது மூச்சு. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டுப் பிடியுங்கள். ‘பேக்’ என்று, அட்டைப்பெட்டியில் துணி அடுக்குகிற அந்த ‘பேக்’கைச் சொல்லுங்கள். காகிதம் படபடவென்று ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் வெளிநாட்டுக்காரர் காதில் அது ‘முதுகு’ என்ற பொருள் தரும் இன்னொரு ‘பேக்’காக விழ வாய்ப்புண்டு. நம் ‘ப’வில் அந்த மூச்சு இல்லை. ட, க இரண்டுக்கும் இதே கதைதான். ‘தமிழ் மூலம் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்கள் செய்கிற ஒரு கெடுதல் இங்கே சேர்ந்துகொள்ளும். ‘சிம்பிள்’, ‘இம்பார்ட்டன்ட்’ என்று தமிழில் அச்சிட்டிருப்பதை நம் நாக்கு தமிழ் வழக்கப்படியே வாசிக்கும். ‘ம்’முக்குப் பின்னால் வரும் ‘ப’ கம்பத்தில் வரும் ‘ப’வாகத் தடித்துவிடும். ஆங்கில உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் படித்துக் கற்க முடியாது. இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருப்பதும் அடையாளத்துக்குத்தான். காதில் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, ‘வ’. பனியனைக் குறிக்கும் வெஸ்ட்டும் மேற்குத் திசை வெஸ்ட்டும் நமக்கு ஒன்று. அவர்களுக்கு இரண்டு. முதலாவதற்கு மேல் பல் கீழ் உதட்டைத் தொடும். இரண்டாவதற்குப் பல்லுக்கு வேலையே இல்லை, உதடு குவிந்து விரியும். பனியன் விற்கிற ஊரில் இதையாவது கற்றுக்கொண்டாக வேண்டும்.

எதை விடலாம்? ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 2000-ல் ஒரு வரையறை வைத்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் பேசிக்கொள்ளும்போது எந்த ஒலிகள் கெட்டால் பேச்சே புரியாமல் போகிறது என்று பார்த்தார். மூச்சு விழும் ப-ட-க, உயிரின் நீளம் குறுக்கம், வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துவது என்பவை கட்டாயம் வேண்டும் என்றார். ‘திங்க்’, ‘தட்’ சொற்களில் நாக்கைப் பல்லிடுக்கில் நீட்டுவதெல்லாம் கட்டாயமில்லை என்றார். அதில் எனக்கு முழுச் சம்மதம். சொல்லுக்குள் வரும் அழுத்தத்தையும் அவர் கட்டாயப் பட்டியலில் சேர்க்கவில்லை. அங்கே மட்டும் நான் வேறுபடுகிறேன். இரைச்சலான போன் லைனில் பிற ஒலிகள் தேய்ந்துபோனாலும் அழுத்தம் எங்கே விழுந்தது என்பது போய்ச் சேருகிறது. அதை வைத்துத்தான் எதிர்முனையில் சொல்லை ஊகிக்கிறார்கள்.

பிரிட்டிஷா அமெரிக்கனா என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண். ஷெட்யூல் என்றாலும் ஸ்கெட்யூல் என்றாலும் எவனும் ஆர்டரை ரத்து செய்யப் போவதில்லை.

<b>வழிகள்</b>

போனில் தனியாகப் படிப்பதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, ஃபிளாஷ்கார்டு என்கிற சொல் அட்டைகளைப் புரட்டுவது. ஆங்கி என்ற செயலி ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. மறக்கப் போகிற சமயம் பார்த்து அட்டையை மறுபடி நீட்டும். மறதி எப்படி ஏறி இறங்குகிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே எழுதிவிட்டார். லைட்னர் 1970-களில் அட்டைப்பெட்டி முறையாக அதைப் பரப்பினார். இப்போது போனில் வந்திருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் தமிழ் அர்த்தம் என்று அட்டை போட்டால் மறுபடியும் கண்ணுக்குத்தான் வேலை. அட்டையைத் திறந்தால் ஒலி வர வேண்டும். நீங்கள் ஒரு முழு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வாக்கியத்தை வெளியே தேட வேண்டாம். வேலையில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய சொந்த மெயில் பெட்டியே போதும், மாணவர்களுக்கு லேப் ரெக்கார்டு.

இரண்டாவது, கேட்டுக் கூடவே பேசுவது. நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டின் கற்போர் அகராதிகளும் இணையத்தில் இலவசம், பிரிட்டிஷ், அமெரிக்க ஒலி இரண்டும் இருக்கும். யூகிளிஷ் என்ற தளத்தில் ஒரு சொல்லைப் போட்டால் அந்தச் சொல் வருகிற யூடியூப் வீடியோக்களைச் சரியாக அந்த இடத்திலிருந்து ஓட்டிக்காட்டும். ‘அவைலபிள்’ போட்டுவிட்டுப் பத்துப் பேர் வாயில் கேளுங்கள். பிறகு உங்கள் குரலைப் போனில் பதிந்து பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். முதல் தடவை கொஞ்சம் கூச்சமாக இருக்கும். திருப்பூரிலிருந்து கோவை போகிற பஸ்ஸில் பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ கேட்டு, உதட்டுக்குள்ளேயே கூட முணுமுணுத்துக்கொண்டு வரலாம். அவிநாசி தாண்டுவதற்குள் ஒரு பகுதி முடிந்துவிடும். காசு செலவில்லை, யாரும் பார்க்கவும் போவதில்லை. குறை ஒன்றுதான்: சொல்கிறவர் நிறுத்திக் காத்திருக்க மாட்டார், எதிர்க்கேள்வி கேட்கவும் மாட்டார்.

அதற்கு இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோடு குரலில் பேசலாம். சலிக்காது, சிரிக்காது. வெட்கப்படுகிறவர்களுக்கு நல்ல படிக்கட்டு. ஆனால் அது சூழலை வைத்து ஊகித்துவிடுகிறது. நீங்கள் எப்படிச் சொன்னாலும் புரிந்துகொண்ட மாதிரி பதில் தரும். அதற்குப் புரிந்ததால் மனிதருக்கும் புரியும் என்று எண்ண வேண்டாம். கறாரான பரிசோதனை வேண்டுமென்றால் போன் கீபோர்டில் வாய்ஸ் டைப்பிங் மொழியை பிரிட்டன் அல்லது அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றி, ஒற்றைச் சொல்லாகச் சொல்லிப் பாருங்கள். பனியன் வெஸ்ட்டைச் சொன்னால் திசை வெஸ்ட்டை எழுதுகிறதா? அப்படியென்றால் பல் உதட்டில் படவில்லை.

இலவசப் பாடம் என்றால் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில், ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் வகுப்புகள் இருக்கின்றன. பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் இருக்கிறது. கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப் பயிற்சிக்கு அது மட்டும் போதாது.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப் பேச்சுப் பயிற்சிக் கிளப் பற்றிக் கோவைக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். 1924-ல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. கோவையிலும் கிளப்கள் உண்டு. அங்கே ஒருவர் உங்கள் ‘ஆ… ம்…’களை எண்ணுவார், இன்னொருவர் மொழியைக் கவனிப்பார், தலைப்பைக் கொடுத்ததும் ஒன்றிரண்டு நிமிடம் எழுந்து பேசச் சொல்வார்கள். மேடைக் கூச்சம் போக அருமையான இடம். ஆனால் அன்றாடப் பேச்சு என்பது இடைமறிப்பதும், ‘மறுபடி சொல்லுங்கள்’ என்பதும், பாதியில் திருத்திக்கொள்வதும்தான். அதற்கு ஹாஸ்டலில் வேறு மாநிலத்து ரூம்மேட் ஒருவன் கிடைத்தால் எந்தக் கிளப்பும் தேவையில்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது, உனக்கு இந்தி தெரியாது. சாம்பாரில் உப்பு இல்லை என்பதைக்கூட ஆங்கிலத்தில்தான் சொல்லியாக வேண்டும். தம்பிக்கு நான் சொன்னதும் இதுதான்: ரூம் மாற வாய்ப்பிருந்தால் நம்ம ஊர்ப் பசங்க கூட்டத்தை விட்டு மாறு, பஸ்ஸில் காதால் கேள், சீனியர் அனுப்பிய அந்த பிடிஎஃப் பட்டியலை முதல் அடுக்கோடு நிறுத்து. அவன் அம்மாவுக்குத்தான் ரூம் மாறுவது பிடிக்கவில்லை, “நம்ம பசங்களோட இருந்தாத்தான கண்ணு நேரத்துக்குச் சாப்பிடுவே” என்கிறார்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கிற ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். கோர்வையான பேச்சு, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பு. அதாவது பாதி மதிப்பெண் சொல்லிலும் உச்சரிப்பிலுமே இருக்கிறது. தேதி குறித்தாகிவிட்டது என்றால் தனியாக முட்டிமோதாதீர்கள். ஒருவருக்கு ஒருவர் என்று திருத்துகிற ஆசிரியரிடம் செலவழிக்கும் காசு இங்கே வீண் போகாது. பேச்சுக்காக மட்டும் கற்கிறவருக்கு அந்தச் செலவு அவசியமில்லை.

கடைசியாக, காந்திபுரம் கிளாஸ். ஈரோடு, பொள்ளாச்சி, கோபி எங்கும் இதே வகைதான். நான் எதிரி இல்லை. தனியாக உட்கார்ந்தால் இரண்டு நாளில் விட்டுவிடுகிறவர்களுக்குக் கட்டிய பணமும் கூட வரும் நாலு பேரும் நல்ல கடிவாளம். திருமணமாகிப் பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போக நினைக்கிற பெண்களுக்கு அது முதலில் ஒரு துணிச்சல் தருகிறது. அவர்கள் பட்டியலையும் செயலியையும் தள்ளி வைத்துவிட்டுக் கிளாஸிலேயே தொடங்கலாம். ஆனால் பல இடங்களில் நடப்பது டென்ஸ் பாடம், போர்டு நிறைய சினானிம், கடைசியில் ஒரு குரூப் டிஸ்கஷன், அதில் பேசுகிற மூன்று பேர் எப்போதும் ஒரே மூன்று பேர். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு டெமோ கிளாஸ் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஒரு பேட்சில் எத்தனை பேர், பேசுவதைப் பதிந்து திருப்பிக் கேட்க வைப்பார்களா என்று விசாரியுங்கள். பின் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் வாய் திறந்தது பாதி நேரமாவது இருந்தால் சேரலாம். சார் ஒருவரே பேசி முடித்தால், ‘வீட்ல கேட்டுட்டு வர்றேனுங்க’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுங்கள்.